புதையல் பெட்டித் தேடலுக்கு ஒரு ஜிபிஎஸ் கைக்கருவி: தேர்வும் பழுதுபார்ப்பும்

குலசேகரத்திற்கு அப்பால் நண்பர் ஒருவருக்குச் சொந்தமான ரப்பர் தோட்டத்தில், சென்ற ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், நானும் என் அக்காள் மகனும் ஒளித்துவைத்த ஒரு பெட்டியைத் தேடி, கைப்பேசியை ஏந்திக்கொண்டு நாற்பது நிமிடங்கள் ஒரே வட்டத்திற்குள் சுற்றினோம். திரையில் இருந்த அம்புக்குறி ஒரு நேரம் கிழக்கே போகச் சொன்னது. நான்கு எட்டு வைத்ததும் வந்த வழியே திரும்பச் சொன்னது. மழை தூறிக்கொண்டிருந்ததால் ஈர விரலைத் திரை ஏற்கவில்லை. கடைசியில் பெட்டி அகப்பட்டது கருவியால் அன்று, பால்வெட்ட வந்தவர், "அந்தக் கையாலைக்குப் பின்னால் ஒரு டப்பா கிடக்கிறதே, அதுவா?" என்று கேட்டதால்தான். திரை காட்டிய இடத்திலிருந்து, கையாலை என்று எங்கள் பக்கத்தில் சொல்லும் அந்தத் தடுப்புச் சுவர் பதினாறு எட்டு தள்ளி இருந்தது.

வீடு திரும்பும் வழியெல்லாம் கைப்பேசியைக் குறை சொல்லிக்கொண்டு வந்தேன். பெட்டியை ஒளித்து வைத்த நண்பரும் தம் கைப்பேசியில்தான் அந்த இடத்தைக் குறித்திருந்தார் என்பது மறுநாள்தான் தெரிந்தது. அவர் குறித்தபோது நேர்ந்த பிழையும் நான் தேடியபோது நேர்ந்த பிழையும் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கின்றன. ஒருவரின் கருவி ஐந்து மீட்டரும் மற்றவரின் கருவி ஐந்து மீட்டரும் தவறினால், தவறுகள் எந்தத் திசையிலும் நேரலாம் என்பதால், இரண்டுக்கும் சேர்த்துச் சராசரியாக ஏழு மீட்டர் பிழையை எதிர்பார்க்க வேண்டும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் விழுந்தால் அது பத்து மீட்டராகும். ஆகவே கருவி வாங்குவதைப் பற்றிய என் கேள்வி அன்றே மாறிவிட்டது. தேடுவதற்கு எது நல்லது என்பதைவிட, ஒளிப்பதற்கு எது நல்லது என்பதே முதலில் முடிவு செய்ய வேண்டியதாயிற்று. தேடுபவர் கண்ணாலும் கையாலும் தம் பிழையைச் சரிசெய்துகொள்வார். ஒளித்தவரின் பிழையோ, பெட்டி அங்கே இருக்கும் வரையில், தேடி வரும் ஒவ்வொருவரையும் அலைக்கழிக்கும்.

இந்த விளையாட்டை அறியாதவர்களுக்காக ஓரிரு வரிகள். ஜியோகேச்சிங் என்பது, ஒருவர் ஒரு பெட்டியை ஓரிடத்தில் மறைத்து அதன் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் வெளியிட, மற்றவர்கள் செயற்கைக்கோள் கருவியைக் கொண்டு அதைத் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் ஏட்டில் பெயரெழுதிவிட்டு, பெட்டியை இருந்தபடியே வைத்துவிட்டு வருவதாகும். 2000 மே மாதத் தொடக்கம் வரையில் அமெரிக்க அரசு, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் அலையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வந்தது. அந்தக் கலப்பு நிறுத்தப்பட்டதற்கு மறுநாளே, மே 3ஆம் தேதி, டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை மறைத்து வைத்து அதன் இடத்தை அறிவித்தார். எங்கள் குழுவில் ஐந்து பேர்தாம். யாருடைய நிலமோ அவரிடம் அனுமதி பெற்ற பிறகே பெட்டி வைக்கிறோம். சிதறால் மலையிலும் வட்டக்கோட்டையிலும் வைக்க ஆசையிருந்தும், அவை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை என்பதால் வைப்பதில்லை. வனத்துறை எல்லைக்குள்ளும் அப்படியே. உள்ளிருப்பது வெளியே தெரியும்படியான பிளாஸ்டிக் டப்பாவையே பயன்படுத்துகிறோம். கேட்பாரற்றுக் கிடக்கும் மூடிய பெட்டியைக் கண்டு ஊர் கூடிவிடுவது நம் பக்கத்தில் எளிதில் நடக்கக்கூடியது.

ஒப்பிட்டுப் பார்க்க மூன்று கருவிகள் கிடைத்தன. முதலாவது என் கைப்பேசி. இரண்டாவது, ஆரல்வாய்மொழியில் காற்றாலைப் பராமரிப்பு வேலை செய்யும் நண்பரிடம் இரவல் வாங்கிய கார்மின் ஜிபிஎஸ்மேப் 64எஸ். மூன்றாவது, திருவனந்தபுரத்தில் மலையேற்றத்தை விட்டுவிட்ட ஒருவரிடமிருந்து 4,500 ரூபாய்க்கு நான் வாங்கிய பழைய கார்மின் ஈட்ரெக்ஸ் 20. இது 2011இல் வெளிவந்த மாதிரி. அமெரிக்காவின் ஜிபிஎஸ்ஸோடு ரஷ்யாவின் குளோனாஸ் செயற்கைக்கோள்களையும் பிடிக்கும். எழுபதாயிரம் எண்பதாயிரம் என்று விலை போடும் புதுக் கருவிகளைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் பொம்மை போலத்தான் தோன்றும்.

பழைய கருவி வாங்குவோர் கவனிக்க வேண்டிய ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜிபிஎஸ் அமைப்பு வாரங்களை எண்ணும் முறையில் 1,024 வாரங்களுக்கு ஒருமுறை எண்ணிக்கை பூச்சியத்திற்குத் திரும்பும். கடைசியாக அது நிகழ்ந்தது 2019 ஏப்ரலில். மென்பொருள் புதுப்பிக்கப்படாத சில பழைய கருவிகள் அதன் பிறகு தேதியைப் பல ஆண்டுகள் பின்னால் காட்டும். ஆகவே விற்பவர் முன்னிலையிலேயே கருவியை வெட்டவெளியில் வைத்துத் தேதி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அவசரப்படவும் கூடாது. நெடுநாள் அணைந்து கிடந்த கருவி, எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்னும் பட்டியலை வானிலிருந்து முழுமையாகப் பெறப் பன்னிரண்டரை நிமிடங்கள் தேவை. ஐந்து நிமிடத்தில் இடம் காட்டவில்லை என்பதற்காக நல்ல கருவியை வேண்டாமென்று வைத்துவிடாதீர்கள்.

என் கருவி தேதியைச் சரியாகக் காட்டியது. ஆனால் இரண்டு குறைகள் இருந்தன. பேட்டரி அறையின் கம்பிச் சுருளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. கருவியின் விளிம்பைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை, பசை விட்டுப்போய், பழைய மோட்டார் சைக்கிளின் பிடியுறை போலத் தொளதொளவென்று சுழன்றது. இந்த மாதிரியில் பக்கவாட்டுப் பொத்தான்களை அந்தப் பட்டையின் மேலிருந்துதான் அழுத்த வேண்டும் என்பதால், பட்டை நகர்ந்தால் ஒன்றை அழுத்த நினைத்து வேறொன்றை அழுத்திவிடுவோம்.

பூத்திருந்ததை முதலில் கவனித்தேன். ஆல்கலைன் பேட்டரியிலிருந்து கசிவது காரம். அதற்குப் புளிப்புதான் மாற்று. சமையலறையில் இருந்த வினிகரில் பட்ஸை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, சுருளைத் துடைத்தபோது மெல்ல நுரைத்தது. மூன்று முறை அவ்வாறு செய்து, பிறகு தண்ணீரில் நனைத்த பட்ஸாலும் கடைசியாக ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலாலும் துடைத்து, ஒரு நாள் முழுவதும் நிழலில் காய வைத்தேன். தகட்டின் நுனியில் மட்டும் கறை போகவில்லை. மிக நைஸான உப்புத்தாளைத் தீக்குச்சியில் சுற்றி இரண்டு தேய்ப்புத் தேய்த்தேன். அதற்கு மேல் தேய்த்தால் பூச்சு போய், கடற்காற்றில் மறுபடியும் துருவேறும். ரப்பர் பட்டைக்குத்தான் நேரம் பிடித்தது. பழைய பசை ஒரு களிம்பைப் போல உருகியிருந்தது. ஆல்கஹாலில் நனைத்த துணியாலும் பிளாஸ்டிக் அட்டையாலும் அதைச் சுரண்டி எடுக்க ஒரு மாலைப்பொழுது போயிற்று. கடைக்காரர் உடனே ஒட்டும் பசையைத்தான் பரிந்துரைத்தார், நான் வாங்கவில்லை. அது காய்ந்தால் கல்லாகிவிடும், அடுத்த முறை பட்டையைக் கழற்ற வேண்டி வந்தால் கிழிக்கத்தான் வேண்டும். மெல்லிய இருபக்க டேப்பை மூன்று மில்லிமீட்டர் அகலத்திற்குக் கீறி, பொத்தான்கள் இருக்கும் பகுதிகளை மட்டும் விட்டுவிட்டு, சுற்றிலும் ஒட்டி, பட்டையை இழுக்காமல் அதன் மேல் படியவைத்து, சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய வளையங்களால் ஓர் இரவு இறுக்கி வைத்தேன். நன்றாகவே பிடித்தது.

பேட்டரியைப் பற்றி ஒரு சொல். இந்த இரண்டு கருவிகளும் இரண்டு டபுள் ஏ பேட்டரிகளில் இயங்குபவை. பேச்சிப்பாறைப் பக்கத்துப் பெட்டிக்கடையிலும் பென்சில் பேட்டரி என்று கேட்டால் கிடைக்கும். ஈட்ரெக்ஸ் 20 இருபத்தைந்து மணிநேரமும், 64எஸ் பதினாறு மணிநேரமும் தாங்கும் என்று கார்மின் குறிப்பிடுகிறது. கடிகாரத்திற்குப் போடும் மலிவான பேட்டரிகளை நம்பி அந்த மணிநேரத்தை எதிர்பார்க்க வேண்டாம். சார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகையே என் விருப்பம். அந்த வகை 1.2 வோல்ட் என்பதால், கருவியின் அமைப்பில் பேட்டரியின் வகையை மாற்றிச் சொல்லாவிட்டால், பாதி மீதமிருக்கும்போதே தீர்ந்துவிட்டதாக அது கூக்குரலிடும்.

இனிச் சோதனை. நான் கட்டட வரைபடம் வரைந்து பிழைப்பவன். கண்ணால் பார்க்காத துல்லியத்தை ஏற்க என் மனம் ஒப்பாது. நாகர்கோவிலில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சாக்பீஸால் ஒரு கூட்டல் குறி போட்டு, மூன்று கருவிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக அதன்மேல் வைத்து, மூன்று நாட்களில் வெவ்வேறு நேரங்களில் ஒவ்வொன்றிலும் இருபது முறை இடத்தைக் குறித்தேன். பிறகு அந்த எண்களைக் கிராஃப் தாளில் புள்ளிகளாக இட்டேன். ஜியோகேச்சிங்கில் இடத்தை டிகிரியாகவும், நிமிடத்தை மூன்று தசம இடங்கள் வரையிலும் எழுதுவது வழக்கம். நிமிடம் என்பது இங்கே ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. அந்த நிமிடத்திலும் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது வடக்குத் தெற்காக ஏறக்குறைய 1.84 மீட்டர். கிழக்கு மேற்காக அது ஊருக்கு ஊர் மாறும்; துருவத்தை நோக்கிப் போகப் போகச் சுருங்கும். டெல்லியில் 1.63 மீட்டர்தான். நாமோ 8 டிகிரியில், நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால், இங்கே அதுவும் 1.84 மீட்டரே. ஆகவே திருத்தம் எதுவும் செய்யாமல், கிராஃப் தாளின் ஒரு கட்டத்தை ஆயிரத்தில் ஒரு நிமிடமாகக் கொண்டால், தாளில் தெரியும் சிதறல் தரையில் உள்ள சிதறலின் உண்மையான உருவமாகவே அமைந்துவிடுகிறது. இந்தச் சிறு வசதி எனக்கு அளவில்லாத மகிழ்ச்சியைத் தந்தது என்பதை ஒளிக்க விரும்பவில்லை.

மொட்டை மாடி எனக்குத் தந்தது ஏமாற்றம்தான். மூன்று கருவிகளின் புள்ளிகளும் ஏறக்குறைய இரண்டு கட்ட ஆரத்திற்குள் அடங்கின. கைப்பேசி எவ்வகையிலும் பின்தங்கவில்லை. திறந்த வானத்தின் கீழ் மட்டும் பெட்டி தேடுபவர் தனிக் கருவி வாங்கத் தேவையில்லை என்று அப்போதே எழுதி வைத்தேன்.

குலசேகரத்து ரப்பர் தோட்டத்தில் படம் மாறியது. அங்கே கைப்பேசியின் புள்ளிகள் ஆறு, ஏழு கட்டங்கள் வரை சிதறின. ஈட்ரெக்ஸ் நான்கைந்து கட்டங்களுக்குள் நின்றது. 64எஸ் மூன்றைத் தாண்டவில்லை. அந்தக் கருவியின் தலையில் கட்டைவிரல் போல நீட்டிக்கொண்டிருப்பது திருகுசுருள் வடிவ ஆன்டெனா. ஈட்ரெக்ஸில் இருப்பது தட்டையான சதுரத் துண்டு. தட்டையானது கருவியைக் கிடைமட்டமாகப் பிடித்தால்தான் வானத்தை முழுமையாகப் பார்க்கும். சுருள் ஆன்டெனாவோ கருவியை நிமிர்த்திப் பிடித்தாலும், இடுப்பில் தொங்கவிட்டாலும் பெரிதாக முகம் சுளிக்காது. தை மாதத்தில் ரப்பர் மரங்கள் இலையுதிர்ந்து நின்றபோது அதே இடத்திற்கு மறுபடியும் போனேன். மூன்றுக்கும் இடையிலான வேறுபாடு பாதியாகக் குறைந்திருந்தது. ஆடி மாதத்தில் எங்களைச் சுற்றவைத்ததில் நனைந்த இலைக் கூரைக்கும் பங்கு இருந்திருக்கிறது.

இவ்வளவில் 64எஸ் வகையையே வாங்கிவிடுவது என்று ஏறக்குறைய முடிவு செய்திருந்தேன். அந்த முடிவை மாற்றியது பொற்றையடிப் பெட்டி.

மருந்துவாழ் மலையின் அடிவாரத்தில், பொற்றையடிக்கு அருகே, உறவினர் ஒருவரின் தென்னந்தோப்பு இருக்கிறது. தோப்பின் மேற்கு ஓரத்தில் இரண்டாள் உயரப் பாறை ஒன்று செங்குத்தாக நிற்கிறது. அதன் இடுக்கில் ஒரு பெட்டியை வைத்தேன். ஈட்ரெக்ஸில் சராசரி எடுக்கும் வசதி உண்டு. பெட்டியின் மேல் வைத்துவிட்டால் சில நிமிடங்கள் தொடர்ந்து அளந்து, சராசரி இடத்தைக் கணக்கிட்டுக்கொள்ளும்; பின்னர் இன்னொரு நாள் அதே புள்ளியைத் திறந்து மேலும் அளவுகளைச் சேர்க்கலாம். வேலைக்குப் போகுமுன் காலை ஆறரை மணிக்கு நான்கு நாட்கள் தொடர்ந்து போய் அளந்தேன். பேட்டரியை மிச்சம் பிடிக்க வேண்டும் என்று குளோனாஸை அணைத்து, ஜிபிஎஸ்ஸை மட்டும் வைத்திருந்தேன். நான்கு நாள் புள்ளிகளும் ஒரு கட்டத்திற்குள் வந்து விழுந்தன. இதைவிடத் துல்லியமாக யாரும் ஒளித்திருக்க முடியாது என்னும் பெருமையோடு எண்களைக் குழுவுக்கு அனுப்பினேன்.

ஆரல்வாய்மொழி நண்பர் தம் 64எஸ்ஸோடு ஒரு மாலை வந்து, ஒரு மணிநேரம் தேடிவிட்டு, வெறுங்கையோடு தொலைபேசியில் அழைத்தார். நான் போய்ப் பார்த்தபோது அவர் நின்ற இடம், டேப் பிடித்து அளந்ததில், பெட்டியிலிருந்து 14 மீட்டர் தள்ளி இருந்தது. அவருடைய கருவியைச் சந்தேகித்து என் ஈட்ரெக்ஸை எடுத்தேன். அதுவும் அவர் பக்கம்தான் சேர்ந்தது.

இதன் காரணத்தைப் புரிந்துகொள்ள இரண்டு இரவுகள் ஆயின. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில், 11 மணி 58 நிமிடங்களுக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகின்றன. இரண்டு சுற்றுக்கு 23 மணி 56 நிமிடங்கள். அதாவது நேற்று ஆறரைக்கு வானத்தில் எங்கெங்கே நின்றனவோ, இன்று ஆறு இருபத்தாறுக்கு அங்கங்கே நிற்கும். மேற்கே மலையும் பாறையும் பாதி வானத்தை மறைக்க, கிழக்கிலிருந்து வரும் அலைகள் நேராகவும், பாறையில் பட்டுத் தெறித்து ஒரு கணம் தாமதமாகவும் கருவியை வந்தடைகின்றன. தெறித்து வருவதைக் கருவி நேரானதாக நம்பினால் இடம் ஒரு பக்கமாகச் சரிகிறது. நான்கு நாளும் நான் அதே வானத்தின் கீழ், அதே தெறிப்பைத்தான் அளந்திருக்கிறேன். நான்காம் நாள்கூட வேறுபாடு பன்னிரண்டு நிமிடமே. புள்ளிகள் நெருங்கி விழுந்ததற்குக் காரணம் துல்லியமன்று, ஒரே தவற்றைத் திரும்பத் திரும்பச் செய்தது. மொட்டை மாடியில் வேளை மாற்றி அளந்தவன், வேலைக்குப் போகும் அவசரத்தில் இங்கே அதை மறந்துவிட்டேன்.

சராசரி எடுப்பதைப் பற்றிக் கார்மினின் கையேடே, அளவுகளுக்கிடையே குறைந்தது 90 நிமிடங்கள் விட்டு, நான்கிலிருந்து எட்டு அளவுகள் எடுக்கச் சொல்கிறது. அந்த 90 நிமிடம் எதற்கென்று அதுவரையில் நான் யோசித்ததில்லை. குளோனாஸை மறுபடியும் இயக்கினேன்; அதன் செயற்கைக்கோள்கள் வேறு கால அளவில் சுற்றுகின்றன, ஒரே வான அமைப்பு திரும்ப ஏறக்குறைய எட்டு நாட்களாகும். காலை ஆறரை, பத்து, பிற்பகல் ஒன்றரை, மாலை ஐந்து என இரண்டு நாட்களில் எட்டு அளவுகள் எடுத்தேன். இம்முறை புள்ளிகள் தாளில் எட்டுக் கட்ட அகலத்திற்குப் பரந்து கிடந்தன. பார்க்க அழகாக இல்லை. ஆனால் அவற்றின் நடுப்புள்ளியை அனுப்பிய பிறகு, தேடி வந்த மூவரும் பாறை இடுக்கிற்கு ஐந்து மீட்டருக்குள் வந்து நின்றார்கள். இரவல் 64எஸ்ஸிலும் இதே பாறையடியில் காலையில் மட்டும் அளந்து பார்த்தேன். சரிவு குறைந்தது, ஆனால் போகவில்லை. பாறையோரத்தில் ஒளிப்பவனுக்கு விலையுயர்ந்த ஆன்டெனா தருவதைவிட அதிகமாக, வேறு வேறு வேளைகளில் நான்கு முறை நடந்து போவது தருகிறது. 64எஸ் வாங்கும் எண்ணம் அங்கேயே கைவிடப்பட்டது. ஜிபிஎஸ்ஸின் வழக்கமான எல்1 அலையோடு எல்5 என்னும் இரண்டாவது அலைவரிசையையும் பிடிக்கும் ஜிபிஎஸ்மேப் 65 போன்ற கருவிகள் இத்தகைய தெறிப்பை இன்னும் நன்றாகச் சமாளிக்கும் என்பது உண்மைதான். பணம் இருப்பவர்களை நான் தடுக்கவில்லை.

நம் ஊருக்கென்று வானத்தில் ஒரு சலுகை உண்டு. இந்தியாவின் ககன் அமைப்பு, ஜிபிஎஸ்ஸின் பிழைகளுக்கான திருத்தங்களைப் புவிநிலைச் செயற்கைக்கோள்கள் வழியாக ஒலிபரப்புகிறது. அவற்றுள் ஒன்றான ஜிசாட் 10 நிலநடுக்கோட்டின் மேல் கிழக்கு 83 டிகிரியில் நிற்கிறது. குமரி மாவட்டத்திலிருந்து பார்த்தால் அது ஏறக்குறைய தலைக்கு மேலேயே இருக்கும். வட நாடுகளில் இத்தகைய செயற்கைக்கோள் அடிவானத்தை ஒட்டி நிற்பதால் மரமும் மலையும் மறைத்துவிடும் என்று புலம்புவார்கள். நமக்கு அந்தத் தொல்லையில்லை. இந்தத் திருத்தங்களைப் பெற, கருவியின் அமைப்பில் வாஸ் என்று குறிக்கப்பட்டிருக்கும் வசதியை இயக்கிவிட்டு, செயற்கைக்கோள் பக்கத்தில் 40 அல்லது 41 என்ற எண் தோன்றுகிறதா என்று பாருங்கள். ககன் செயற்கைக்கோள்களின் 127, 128 ஆகிய எண்களைக் கார்மின் அவ்வாறுதான் காட்டும்.

அடுத்தது திசைகாட்டி. ஈட்ரெக்ஸ் 20இல் காந்தத் திசைகாட்டி கிடையாது. நடந்தால்தான் அதற்குத் திசை தெரியும், நின்றால் அம்பு குழம்பும். பெட்டியின் அருகே நாம் செய்வது பெரும்பாலும் நிற்பதுதான் என்பதால், இது பெரிய குறை என்று எல்லோரும் எச்சரித்தார்கள். மூன்று அச்சுத் திசைகாட்டி உள்ள மாதிரிகளின் சிறப்பு, கருவியைச் சாய்த்துப் பிடித்தாலும் திசை மாறாது என்பது. சாய்வால் பிழை வருவதற்குக் காரணம் பூமியின் காந்தப்புலம் தரைக்குள் சரிந்து இறங்குவது. நாம் இருப்பதோ காந்த நடுக்கோட்டின் பக்கத்தில். 1963இல் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைக்கப்பட்டதும் அந்தக் கோடு அங்கே செல்வதால்தான். இங்கே புலம் ஏறக்குறைய தரைக்கு இணையாகவே செல்கிறது. சாய்வுப் பிழை மிகக் குறைவு. காந்த வடக்கிற்கும் உண்மை வடக்கிற்கும் உள்ள வேறுபாடும் இரண்டு டிகிரிக்குள் அடங்கும். பத்து மீட்டர் தொலைவில் அதனால் நேரும் விலகல் முப்பத்தைந்து சென்டிமீட்டரே. ஆகவே சாதாரண கைத் திசைகாட்டி ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொள்வதே போதும் என்று தீர்மானித்தேன். ஆனால் அதிலும் ஒரு பாடம் கற்றேன். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த நல்ல திசைகாட்டியின் முள், தெற்கு நுனி தாழ்ந்து, தட்டில் உரசி நின்றுவிட்டது. அது ஐரோப்பாவிற்கென்று எடை சமன் செய்யப்பட்டது. அங்கே வடக்கு நுனி கீழே இழுக்கப்படும் என்பதால் தெற்கில் பாரம் சேர்த்திருக்கிறார்கள். உள்ளூர்க் கடையில் வாங்கிய மலிவான ஒன்று தட்டாமல் சுழல்கிறது.

கடைசிப் பத்து மீட்டரை எப்படிக் கடப்பது என்பதை நான் கற்றது குளச்சலில். மீன்பிடித் தொழிலில் முதிர்ந்த ஒருவர், தண்ணீரில் விழுந்தால் மிதக்கும் வகைக் கைக்கருவி ஒன்றை வைத்திருக்கிறார். கடலுக்கடியில் மீன் சேரும் பாறைத்திட்டுகளான பார்களின் இடங்களையெல்லாம் அதில் சேமித்திருக்கிறார். பொத்தான் தேய்ந்த அந்தக் கருவியை நான் துடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, பாரின் மேல் சரியாகப் போய் நிற்க அது போதுமா என்று கேட்டேன்.

"பக்கத்துல கொண்டு விடும் மக்களே. பெறகு மலையையும் கோயில் கோபுரத்தையும் பாத்துத்தான் நிப்போம்" என்றார்.

கரையில் உள்ள மலை முகடு ஒன்றும் அதற்கு முன்னால் உள்ள தேவாலயக் கோபுரமும் ஒரே நேர்கோட்டில் தெரிய வேண்டும். வேறொரு திசையில் இன்னும் இரண்டு அடையாளங்கள் அவ்வாறே ஒன்றை ஒன்று மறைக்க வேண்டும். இரு கோடுகளும் வெட்டும் இடமே பார். இதைத் தரையில் செய்து பார்த்தேன். கருவி பத்து மீட்டர் என்று காட்டியதும் அதைத் துரத்துவதை நிறுத்திவிட்டு, முப்பது எட்டு பின்னால் வந்து, கருவி சொல்லும் திசையைக் கைத் திசைகாட்டியில் பிடித்து, அந்தக் கோட்டில் தெரியும் மரத்தையோ கல்லையோ குறித்துக்கொள்கிறேன். பிறகு பக்கவாட்டில் நகர்ந்து, வேறு இடத்திலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் தேடத் தொடங்குகிறேன். அம்புக்குறியின் பின்னால் சுற்றிய காலத்தோடு ஒப்பிட்டால் பாதி நேரம்கூட ஆவதில்லை.

சில எச்சரிக்கைகள் மட்டும் மிச்சம். எண்ணின் வடிவத்தைக் கருவியில் முதலிலேயே சரிபார்க்க வேண்டும்: 8 டிகிரி 10.500 நிமிடம் என்பதை 8.10500 டிகிரி என்று உள்ளிட்ட என் மருமகன், ஏழரைக் கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே போய் ஒரு வாழைத்தோட்டத்தில் நின்றான். "மாமா, இங்க பாறையே இல்லையே" என்று அவன் அழைத்தபோது நான் சிரித்தேன். அந்தத் தவற்றை முந்தைய மாதம் நானே செய்திருந்ததை அவனிடம் சொல்லவில்லை. நில அளவைத் துறையின் பழைய வரைபடங்கள் எவரெஸ்ட் என்னும் புவி அளவீட்டு அடிப்படையில் வரையப்பட்டவை, கருவி பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ் 84 என்னும் வேறோர் அடிப்படை. இரண்டையும் கலந்தால் நம் பக்கத்தில் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். இன்னொன்று சட்டம் சார்ந்தது. இன்ரீச் என்னும் செயற்கைக்கோள் வழிச் செய்தி வசதி உள்ள கருவிகளை நம் நாட்டில் அரசின் அனுமதியின்றி வைத்திருக்கக் கூடாது; விமான நிலையத்தில் பிடிபட்டு வழக்கைச் சந்தித்த வெளிநாட்டவர்கள் உண்டு. வெளிநாட்டு உறவினரிடம் கருவி வாங்கி வரச் சொல்பவர்கள், மாதிரிப் பெயரின் இறுதியில் இன்ரீச்சைக் குறிக்கும் ஐ (i) என்னும் எழுத்து இருக்கிறதா என்று கவனித்துச் சொல்லுங்கள். அலையைப் பெற மட்டும் செய்யும் கருவிகளே இந்த விளையாட்டுக்குப் போதுமானவை.

ஆக, ஈட்ரெக்ஸ் 20ஐயே வைத்துக்கொண்டேன். திரை சிறியது, வரைபடம் மெல்லத்தான் நகரும். ஆனால் உச்சி வெயிலில் சங்குத்துறைக் கடற்கரையில் கைப்பேசித் திரை கண்ணாடியாகிப்போகும் நேரத்தில், இதன் திரையில் வெயில் விழ விழ எழுத்துத் தெளிகிறது. ஈரக் கையிலும் பொத்தான் கேட்கிறது. புதிதாக வாங்கியே தீர வேண்டும் என்பவர்களுக்கு ஈட்ரெக்ஸ் 22எக்ஸைச் சொல்வேன். இதே உடம்பு, மேலான திரை, கூடுதல் நினைவகம். திசைகாட்டியும் காற்றழுத்த உயரமானியும் சேர்ந்த 32எக்ஸிற்குக் கொடுக்கும் அதிகப் பணத்தில் நல்ல சார்ஜரும் எட்டு பேட்டரிகளும் வாங்கிவிடலாம்.

சென்ற வாரம் மணக்குடிக் காயலோரம் போய் வந்த பிறகு, ரப்பர் பட்டையின் இடது கீழ் மூலை ஒரு விரற்கடை அளவுக்குக் கிளம்பியிருக்கிறது. அந்த இடத்தில் டேப்பைச் சற்று ஒடுக்கமாகக் கீறிவிட்டேன் போலும். இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த மூலையை மட்டும் பிரித்து, நான்கு மில்லிமீட்டர் டேப் வைத்து ஒட்ட வேண்டும்.